பாலத்துக்கு இந்தப் பக்கம்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக வெளிநோயாளிகள் பிரிவின் வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண் கொடுப்பது அவள் வேலை. எலும்புக்குப் பச்சைச் சீட்டு, கண்ணுக்கு நீலம், மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளை. ஒரு நாளைக்கு நானூறு பேர் "எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பார்கள். நானூறு முறையும் "நம்பர் வந்ததும் கூப்பிடுவாங்க" என்பாள். இந்தப் பதிலில் தகவல் எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போய் உட்காருவார்கள்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு அவள் பெயர் கருஞ்சிறகு.

அது நேர்ந்த விதம் இதுதான். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது தன் பெரிய கணினியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். முதல் தேர்வு நெருங்கியதும் அங்கிருந்து ஃபோன் செய்தாள். "அம்மா, கேம்ல என் பறக்கிற சிங்கத்துக்குத் தினமும் தீனி போடணும். ரெண்டு வாரம் மட்டும் நீ போட்டுடேன். மறந்தா அது ஓடிப்போயிடும்." தேர்வு முடிந்தபோது மகளுக்கு அந்த விளையாட்டே அலுத்துவிட்டது. அம்மாவுக்கு அலுக்கவில்லை. சிங்கத்துக்குத் தீனி போடப் போனவள் அக்கம்பக்கம் பார்த்தாள், காடு பார்த்தாள், கடைசியில் தனக்கென்று ஓர் ஆளையே உருவாக்கிக்கொண்டாள். கறுப்புக் கவசம், ஆளுயரக் கேடயம், முதுகில் இரண்டு சிறகுகள். சிறகுகளால் பறக்க முடியாது. அதற்கு இன்னும் எட்டு நிலைகள் ஏற வேண்டும்.

இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒரு குழுவும் அமைந்திருந்தது. ஐந்து பேர். தலைவருக்குத் தளபதி என்று பெயர். வெளியே அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சின்ன ஓநாயைக் கொல்வதாக இருந்தாலும் முதல் நாளே நிகழ்ச்சி நிரல் அனுப்பிவிடுவார். குழுவில் அவள்தான் கேடயம். பூதமோ பாம்போ, முதல் அடி அவள் மேல் விழ வேண்டும். அவள் தாங்கிக்கொண்டு நிற்கும்போது மற்ற நால்வரும் பின்னாலிருந்து வேலையை முடிப்பார்கள். "நீ இல்லன்னா நாங்க ஒரு அடி எடுத்து வைக்க முடியாது" என்று தளபதி அடிக்கடி சொல்வார். மருத்துவமனையில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த விளையாட்டில் நீலமூச்சுப் பள்ளத்தாக்கு என்று ஒரு புதிய பிரதேசம் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒரு தொங்குபாலத்தைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. அதன் கோடியில் ஓர் ஏரி. ஏரிக்கரையை முதலில் மிதிக்கும் ஐந்து பேர் குழுவின் பெயர்கள் அங்குள்ள பாறையில் பொறிக்கப்படும். குழு ஆறு வாரம் தயாரானது. தளபதி பதினான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதி அனுப்பினார், பொருளடக்கத்தோடு.

சனிக்கிழமை அவளுக்கு வேலை நாள். உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கேட்க முடியாது. மருத்துவமனையில் வேலை செய்கிறவளுக்கு அந்த ஒரு பொய் மட்டும் பலிக்காது, "வா, டாக்டர்கிட்டக் காட்டிடலாம்" என்பார்கள். அதனால் வீட்டில் குழாய் உடைந்துவிட்டது, பிளம்பர் வருகிறார் என்று சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே குளித்து முடித்துக் கணினியின் முன் உட்கார்ந்துவிட்டாள். கணவர் பக்கத்து நாற்காலியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவியின் விளையாட்டைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை, கெட்ட அபிப்பிராயமும் இல்லை. அதில் லிஃப்ட் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மலைக்கதவு திறந்தது. ஐந்து பேரும் ஓடினார்கள். பனி விலகியது, பாறை இடுக்கில் பாலம் தெரிந்தது. பாலத்தின் முனையில் முக்காடு போட்ட காவலன் ஒருவன் நின்றிருந்தான். அவனைச் சுற்றி எள் விழ இடமில்லாத கூட்டம். அரக்கர்கள், மந்திரவாதிகள், வில்லாளிகள், நெருப்புக் குதிரையில் வந்தவர்கள் என முன்னூறு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள்.

விஷயம் சீக்கிரமே புரிந்துபோயிற்று. பாலத்தைக் கடக்க ஒவ்வொருவரும் காவலனிடம் பேச வேண்டும். அவன் ஒரே நேரத்தில் ஒருவரிடம்தான் பேசுவான். "பயணியே, நூறாண்டுகளாக இப்பாலத்தை யாரும் கடந்ததில்லை" என்று தொடங்கி நாற்பது விநாடி பேசுவான். நடுவில் வேறு யாராவது இடித்துவிட்டால் பேச்சு அறுந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிப்பான். முன்னூறு பேரும் இடித்துக்கொண்டிருந்தார்கள். நூறாண்டுகளாக யாரும் கடக்காததற்குக் காரணம் கண்ணெதிரே தெரிந்தது.

கணவர் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இத்தனை பேருக்கும் இவன் ஒருத்தனா? நாங்க லிஃப்ட்லயே எட்டுப் பேர்னு போர்டு வைக்கிறோம்."

"பேசாம இருங்க" என்றாள்.

அரை மணி நேரம் அவளும் மற்றவர்களைப் போலத்தான் நின்றாள். ஒருவர்கூடப் பாலத்தைக் கடக்கவில்லை. திரையின் ஓரத்தில் வசவுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கை பரபரத்தது. அடக்கிப் பார்த்தாள். பதினேழு வருடப் பழக்கம், எவ்வளவு நேரம்தான் அடங்கும்?

கூட்டத்தைப் பார்த்துக் கத்தினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். அதிகமாகக் கலாட்டா செய்கிற ஆளைக் கண்டுபிடித்து அவரிடமே பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இரண்டாவது. அவள் தேடினாள். பாலத்தின் வாயிலேயே கொம்பு முளைத்த ராட்சசன் ஒருவன், இடிமுகன் என்று பெயர், கண்டபடி எல்லோரையும் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வணக்கம்" என்று அவனுக்குத் தட்டச்சு செய்தாள். "உங்களைப் பார்த்தா எல்லாரும் பயப்படறாங்க. நீங்க இங்க குறுக்கே நின்னு ஒவ்வொருத்தரா விட்டா எல்லாருமே போயிடலாம். உங்களால மட்டும்தான் முடியும்."

இடிமுகன் முட்டுவதை நிறுத்தினான். பிறகு, "எங்கம்மா நிக்கணும்?" என்று கேட்டான்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பாலத்தின் முன் ராட்சசன் மலை மாதிரி நின்றான். அவள் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக எண் கொடுத்துக்கொண்டு போனாள். பெயரையும் எண்ணையும் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். முதல் ஆள் பாலத்தைக் கடந்ததும் கூட்டத்தில் பெரிய ஆரவாரம். இரண்டாவது ஆள் போனதும் ஆரவாரம் குறைந்தது. ஐந்தாவது ஆள் போனபோது, "எப்பக் கூப்பிடுவீங்க?" என்று ஒரு மந்திரவாதி கேட்டான்.

"நம்பர் வந்ததும் கூப்பிடுவாங்க" என்று அவள் விரல்கள் தாமாகவே அடித்தன.

சாக்குகளும் வந்தன. ஒருவனுக்கு ஆபீஸில் பத்து நிமிட இடைவேளைதானாம். ஒருத்தியின் குழந்தை எழுந்துவிட்டதாம். அவர்களை முன்னால் விட்டாள். பொய்யா நிஜமா என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வெண்பரி என்ற வில்லாளி ஒருவன், "அடுப்புல பால் வச்சிருக்கேன், என்னை விட்டுடுங்க" என்றான்.

"இறக்கி வச்சுட்டு வாங்க. நம்பர் எங்கயும் போகாது" என்றாள்.



பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து கண்காணிப்பாளர். பின்னணியில் கூச்சல்.

"ஏம்மா, பிளம்பர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு சார். உள்ள போக முடியல, ஒரே கூட்டம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நல்லவேளையாக அவர் காதில் அது ஏறவில்லை. "இங்க டோக்கன் மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு. எலும்புக்காரங்களும் கண்ணுக்காரங்களும் ஒண்ணாக் கலந்துட்டாங்க. யாரு எதுக்கு வந்தாங்கன்னே தெரியல."

"பக்கத்து மூடியைத் திறந்து சக்கரத்தைப் பின்பக்கமாச் சுத்துங்க சார். அதுவரைக்கும் கையால எழுதிக் கொடுங்க. கொம்பு வச்சவரை வாசல்ல நிறுத்துங்க."

"யாரை?"

"அந்த வாட்ச்மேன் அண்ணனை, சார்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது, தான் நெருப்புக் குதிரைக்காரன் ஒருவனிடம் "பிரஷர் பார்த்தாச்சா?" என்று கேட்டிருந்தது தெரிந்தது. அவன் பவ்யமாக, "இன்னும் இல்லைங்க" என்று பதில் போட்டிருந்தான்.

அவள் தன் குழுவுக்குக் கொடுத்த எண்கள் அறுபத்தொன்று முதல் அறுபத்தைந்து வரை. நியாயமாகக் கொடுத்த எண்கள். தளபதிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பதினொன்றே காலுக்கு அவர்கள் முறை வந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் தளபதியின் குரல் கேட்டது. "கிளம்பும்மா. நாலு பேரும் தாண்டிட்டோம். நீதான் பாக்கி. முன்னால போன குழு எதுவும் இன்னும் ஏரியைத் தொடலையாம்."

அவள் காவலனை நோக்கி நாலு அடி வைத்திருப்பாள். பின்னால் சலசலப்பு. நூற்று நாற்பதும் நூற்று நாற்பத்தொன்றும் வாளை உருவிவிட்டார்கள். வரிசையின் வால் கலைந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் பேர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தளபதி, ஒரு பத்து நிமிஷம். இவங்களை அனுப்பிட்டு வந்துடறேன்."

"பத்து நிமிஷத்துலயா?"

அவளுக்கும் கணக்குத் தெரியும். ஆளுக்கு நாற்பது விநாடி. தளபதி பெருமூச்சு விட்டார். "அஞ்சாவது ஆள் இல்லாம எப்படிம்மா போறது? கேடயம் வேணுமே."

அப்போது, வரிசையைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் குழுவின் பேச்சில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த இடிமுகன் பேசினான். அவன் குரலை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மெலிந்த, மிக மரியாதையான குரல். "சார், நான் வேணா வரட்டுங்களா? நானும் கேடயம்தான். இங்க இனிமே அக்கா ஒருத்தரே போதும். எல்லாரும் அவங்க சொன்னாக் கேக்கறாங்க."

தளபதி யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது.

அப்புறம் இரண்டரை மணி நேரம் அவள் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று எண்களைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அவ்வப்போது சேதி வந்தது. மரங்களில் விளக்கு எரிகிறதாம். பேசும் நத்தைகள் இருக்கின்றனவாம். ஓரிடத்தில் மழை கீழிருந்து மேலே பெய்கிறதாம். பன்னிரண்டரைக்கு ஐந்து பேரும் ஏரிக்கரையை மிதித்தார்கள். முதல் குழு. தளபதி, மற்ற மூவர், இடிமுகன். பாறையில் பெயர் பொறிக்கப்பட்ட படத்தைத் தளபதி அனுப்பினார். "இதுல உன் பங்கும் இருக்கு" என்று கீழே எழுதியிருந்தார். எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை.

"சாப்பிட வர்றியா?" என்று கணவர் கேட்டார்.

"இன்னும் அறுபது பேர் இருக்காங்க."

அவர் தட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். இடது கையால் எண் அடித்துக்கொண்டே வலது கையால் சாப்பிட்டாள்.

ஒன்று ஐம்பதுக்கு வரிசையில் பதினோரு பேர் மிச்சம். கடைசி ஆள் அவளே. நோட்டை மூடிவிடலாம் என்று நினைத்த சமயத்தில் திரை சாம்பல் நிறமானது. நடுவில் ஓர் அறிவிப்பு: "பிற பயணிகளின் வழியை மறித்ததாக உங்கள் மீது புகார் வந்துள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு நீங்கள் விலக்கி வைக்கப்படுகிறீர்கள். இப்படிக்கு, அன்புடன், விளையாட்டுக் குழு."

புகார் கொடுத்தவர் பெயரும் கீழே இருந்தது. வெண்பரி. பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, இருபத்திரண்டாம் எண்ணில் பாலத்தைக் கடந்து போனவன்தான்.

அவள் அறிவிப்பை மூன்று முறை படித்தாள். கோபம் வருமென்று காத்திருந்தாள், சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. கணவர் அருகில் வந்து திரையைப் படித்தார்.

"லிஃப்ட் நின்னுபோனா உள்ள இருக்கிறவங்க திட்டறது யாரைத் தெரியுமா?" என்றார். "கதவைத் திறந்துவிடப் போற என்னைத்தான்."

அவளுக்கு நினைவிருந்தவரை, அவர் சொன்ன ஆறுதல்களில் அதுதான் நீளமானது.

மறுநாள் மத்தியானம் மகள் கூப்பிட்டாள். "அம்மா! உன்னைத் தடை பண்ணிட்டாங்களாமே? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் படம் அனுப்பறாங்க. பாலத்துக்கிட்ட ஒரு ஆன்ட்டி வரிசை போட்டாங்கன்னு எங்க பார்த்தாலும் அதே பேச்சு. எனக்கு மானமே போகுது."

"ஆன்ட்டின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"நீ எல்லாரையும் 'சாப்டாச்சா'ன்னு கேட்டிருக்கேம்மா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி, நூத்துப் பத்தாம் நம்பர். நீதான்னு சொன்னதும் உன்னைப் பார்க்கணும்கிறா" என்றாள்.

இரண்டு மணி சுமாருக்குத் தடை நீங்கியது. கூடவே ஒரு கடிதம். நடந்த தவறுக்கு வருந்துகிறோம். காவலன் திருத்தப்பட்டுவிட்டான், இனி அவன் ஒரே நேரத்தில் எல்லோரிடமும் பேசுவான். தங்கள் சேவையைப் பாராட்டித் தங்களைத் தன்னார்வ ஒழுங்காளராக நியமிக்கிறோம். இத்துடன் பச்சை மேலங்கி ஒன்று. அடுத்த பிரதேசம் திறக்கும் நாளில் காலை ஒன்பது மணிக்குத் தயவுசெய்து வாசலுக்கு வந்துவிடவும்.

கீழே "ஏற்கிறேன்", "மறுக்கிறேன்" என்று இரண்டு பொத்தான்கள். மருத்துவமனையில் இப்படி இரண்டாவது பொத்தானை அவள் பார்த்ததே இல்லை. அதை அழுத்தினாள்.

தளபதி கூப்பிட்டுப் பார்த்தார். நத்தைகளிடம் கூட்டிப்போகிறேன், எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டுகிறேன், நிகழ்ச்சி நிரல்கூடத் தயார் என்றார். "இருக்கட்டும் தளபதி, நானே ஒரு சுத்துச் சுத்திட்டு வரேன்" என்றாள்.

பாலத்தில் ஆள் இல்லை. பள்ளத்தாக்கில் நேற்றுச் சொன்ன எல்லாம் இருந்தது. விளக்கு மரங்களின் அடியில் சந்தை போல ஜனம். நத்தைகளைச் சுற்றி ஆட்கள். மேல்நோக்கிப் பெய்த மழையின் நடுவே இரண்டு பேர் சண்டை. ஏரிப்பாறைக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை. வரிசை என்று கண்டதும் அவள் சட்டென்று இடது பக்கம் திரும்பி, பாதை இல்லாத பாதையில் நடந்தாள்.

கால் மணி நேரம் நடந்ததும் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. அங்கே புல் ஒரே பச்சையாக இருந்தது. ஓடை இருந்தது, தண்ணீர் ஓடவில்லை. மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் ஒடிந்த கிளையோடு நின்றன. ஒரு மரத்தடியில் கவசமோ ஆயுதமோ இல்லாமல், விளையாட்டில் முதல் நாள் தரும் சாக்குச் சட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இங்க ஒண்ணும் இல்லைங்க" என்று அவசரமாகச் சொன்னான். "பூதம், புதையல் எதுவும் கிடையாது. நீங்க வழி தவறிட்டீங்கன்னு நினைக்கறேன்."

"நீங்க?"

அவன் தயங்கினான். "நான் இந்தக் கம்பெனியில மரம் வரையறவன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கச் சொன்னாங்க. இந்த மூலை மட்டும் முடியல. ஒரே மரத்தை அப்படியும் இப்படியும் திருப்பி வச்சுட்டேன். யாராவது கண்டுபிடிக்கறாங்களான்னு லீவு நாள்ல வந்து உட்கார்ந்திருக்கேன்."

"யாராவது வந்தாங்களா?"

"நீங்கதான் முதல்."

அவள் மரங்களைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒடிந்த கிளையின் நுனியில் பட்டை உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் நாலு எறும்புகள். ஒவ்வொரு மரத்திலும் அதே நாலு எறும்புகள். "எறும்பெல்லாம் வச்சிருக்கீங்களே" என்றாள்.

அவனும் மரத்தருகே வந்து நின்றான். "அதை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு மேலாளர் சொன்னாருங்க" என்றான்.

ஓடைக்கு அப்பால் ஒரு குன்று தெரிந்தது. "அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. நான் இன்னும் எதுவும் வரையல. வெறும் வெள்ளை. தரைகூட அரைகுறைதான்."

"போகலாமா? விழுந்துடுவோமா?"

"விழ மாட்டோம்னு நினைக்கறேன். யாரும் போய்ப் பார்த்ததில்ல."

அவள் கேடயத்தை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடாத தண்ணீரில் இறங்கி நடந்தாள். மரம் வரைகிறவன் இரண்டு அடி தள்ளிப் பின்னால் வந்தான். கணவர் நேற்றுப் பொத்தான் தைத்த சட்டையை மடித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். குன்றின் உச்சியில், இரண்டு கறுப்புச் சிறகுகளுக்கு முன்னால், தாள் போல வெளுத்து ஒரு பரப்பு விரிந்து கிடந்தது.

"என்ன தெரியுது அங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலைங்க" என்றாள் அவள் உற்சாகமாக. முதல் அடியை எடுத்து வைத்தாள்.